மீன் உரசுகிற கல்

நொச்சிப்பட்டி,
3-5-1936

கர்ணா,

தேனியில் ரயில் ஏறும்போது நீ கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். கல் வேலை செய்கிறது.

நீ போன பிறகு மீனுக்கு வேட்டுப் போட ஒருவன்கூடப் பெரியமடுவுக்கு வரவில்லை. போன வருஷம் இதே சமயத்தில், மலைச் சுரங்கத்தில் தண்ணீரை அடைத்து ஆறு ஓட்டம் நின்றதும், மடு முழுக்க விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளையாக மிதந்தது நினைவிருக்கும். மலை ரோட்டு வேலையில் திருடிய வெடிமருந்தைப் போட்டு, ஒரு கூடை மீனுக்காக ஒரு மடுவையே கொன்றார்கள். இந்த வருஷம் தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

கருத்தக்கண்ணனுக்குக் கை போனது, பிடித்திருந்த வேட்டு முந்தி வெடித்ததால். அது நடந்த பிறகுதான் நாம் கல்லை நட்டு மஞ்சள் பூசினோம். இப்போது ஊரில் கதை திரும்பிவிட்டது. கல் முதலிலேயே இருந்ததாம். அவன் மதிக்காமல் வேட்டுப் போட்டதால் கையை எடுத்துக்கொண்டதாம். கருத்தக்கண்ணனே அப்படித்தான் சொல்கிறான். உத்தமபாளையம் சந்தையில் மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "சாமி கேட்டுச்சு, குடுத்துட்டேன்" என்கிறான். மீன் திருடப்போய்க் கை போயிற்று என்பதைவிட அவனுக்கு இது கௌரவம்.

போன வெள்ளிக்கிழமை சாமியாடி ஒச்சாண்டி மடுக்கரையில் ஆடினான். "நான் மடுக்கரையான்டா! எம் பிள்ளைகளத் தொட்டவன் கைய எடுப்பேன்டா!" பிள்ளைகள் என்றது மீன்களை. பெயர் வைக்க நீயும் நானும் மறந்திருந்தோம். அவன் வைத்துவிட்டான்.

எங்கள் ஆத்தாதான் சண்டைக்கு வருகிறாள். "ஊருக்குச் சாமி செய்ய என் மீன் ஒரசுற கல்லுதான் கெடச்சுச்சாலே? அந்தக் கர்ணன் வீட்டு அம்மியத் தூக்கிட்டுப் போறதுதானே?" இத்தனை வருஷம் மீனை உரசி உரசி நடுவில் பள்ளம் விழுந்த கல் அல்லவா. நிறுத்தி நட்டதில் அந்தப் பள்ளம் ஒரு வாய் மாதிரி தெரிகிறது. ஒச்சாண்டி அதில்தான் சந்தனம் அப்புகிறான்.

நாம் பேசியபடி ஆழத்துக்கு மட்டும்தான் சாமி காவல். கரையோரம் முழங்கால் தண்ணீரில் எங்கள் சேரிப் பெண்கள் வழக்கம்போல் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்துக் கெண்டை பிடிக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடையில் வயல் வேலை கிடையாது. கஞ்சிக்கு மேலே எங்களுக்கு உள்ளது இந்த மீன்தான்.

கர்ணா என்று இந்தக் காகிதத்தில் மட்டும் எழுதுகிறேன். ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தபோது கூப்பிட்ட பெயர். ஊரில் நேரே பார்த்தால் நீ சின்ன முதலாளிதான். அதனால் கார்டில் எழுதாதே, கவரில் எழுது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வராமல் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். கடையில் உள்ளவர்கள் வாசிக்கிறார்கள். ராயப்பன்பட்டி வாத்தியார் முகவரிக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய் வாங்கிக்கொள்கிறேன்.

தவசி


மேட்டூர் அணை,
24-5-1936

தவசி,

கடிதம் படித்துச் சிரித்தேன். கூட இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். சொல்லவில்லை.

மீன் இலாகாவில் என் வேலை பெரிய படிப்பு வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். மண்பானைகளில் மீன்குஞ்சுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அணைத் தண்ணீரில் விடுகிறேன், அவ்வளவுதான். வழியெல்லாம் பானைக்குள் கையை விட்டுத் தண்ணீரை அலம்பிக்கொண்டே வரவேண்டும். அலம்பாவிட்டால் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு செத்துவிடும். கை மரத்துப் போகிறது.

ஆனால் இங்கே வந்து ஒன்று தெரிந்துகொண்டேன். ஆறு வற்றும்போது பெரியமடுவில் ஒதுங்குகிற மீன்தான் அடுத்த வருஷம் நம் பக்கத்து ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் விதை. மடு செத்தால் எல்லாம் சாகும். லீவில் ஊருக்கு வந்தபோது இதை எங்கள் அய்யாவிடம் சொன்னேன். "மீனுக்கு வெதப்பு சொல்லித் தரத்தான் சர்க்கார் ஒனக்குச் சம்பளம் குடுக்குதா?" என்றார். சர்க்காருக்கு மனுப் போட்டேன். பதில் இல்லை. ஒரு கல்லை நட்டோம், வேலை முடிந்தது. வாயால் சொன்னதைக் கேட்காதவர்கள் கல்லுக்குக் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்போடு எரிச்சலும் வருகிறது.

ஆத்தாவிடம் சொல், ஆற்றில் கல்லுக்கா பஞ்சம்? நல்லதாக ஒன்று பார்த்து எடுத்துக்கொடு. இரண்டு மூன்று வருஷம் போகட்டும். மடுவைக் காப்பது சனங்களுக்குப் பழகிவிட்டால் கல்லைப் பிடுங்கிவிடலாம்.

கர்ணன்


நொச்சிப்பட்டி,
28-3-1937

கர்ணா,

கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று எழுதியிருந்தாய். இப்போது அதற்கு மேலே தகரக் கொட்டகை இருக்கிறது. பின்னால் இடுப்பளவு சுவர். உன் அய்யா மொக்கைச்சாமிதான் தர்மகர்த்தா. அவர் உனக்கு எழுதியிருப்பார். அவர் எழுதாததை நான் எழுதுகிறேன்.

நம் ஊரில் காவல் சாமிக்கெல்லாம் கெடா வெட்டுகிறோம். மடுக்கரையானுக்கு மட்டும் தேங்காய், பழம். மீனைக் காக்கிற சாமி கவிச்சி தின்னாது என்று ஒச்சாண்டி ஆடிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அது பெரிய மனிதர்களின் சாமி. உத்தமபாளையத்திலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பொரியையும் கடலையையும் வாரி வாரித் தண்ணீரில் போடுகிறார்கள். மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருக்கிறது. கையைத் தட்டினால் வருகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் எதிர்மேட்டில் நின்று, மீன் பொரி தின்பதைப் பார்க்கின்றன.

கவிச்சி ஆகாது என்ற பிறகு அடுத்தது நாங்கள். தை மாதம், சாமிக்கு மேல்புறம் சேரி ஆட்கள் இறங்கக்கூடாது என்றார்கள். சரி என்று கீழ்ப்புறம் போனோம். மாசியில் கீழ்ப்புறமும் கூடாது என்றார்கள். இப்போது ஆறு நின்றுவிட்டது. குடிக்க மணலில் ஊற்றுத் தோண்டிக்கொள்கிறோம். மீனுக்கு எங்கே தோண்டுவது?

செவ்வாய்க்கிழமை ஆத்தா ஊத்தாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேண்டாம் என்றேன். "நேத்து வந்த சாமிக்கு நான் எறங்குற தண்ணியில என்னலே பேச்சு?" என்று இறங்கிவிட்டாள். பிடித்துவிட்டார்கள். ஊத்தாவை அவள் தலையில் கவிழ்த்து உச்சி வெயிலில் மணலில் உட்காரவைத்தார்கள். பிறகு ஊத்தாவைக் கொளுத்தினார்கள்.

ஆத்தா வாய் சும்மா இருக்கவில்லை. கொட்டகையைக் கைகாட்டி, "அது என் கல்லு. நான் மீன் ஒரசுன கல்லு. அந்தக் குழி என் கையி போட்ட குழி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "வெயில்ல சங்கிலியம்மாளுக்கு மூளை கலங்கிருச்சு, நெழல்ல விடுங்கப்பா" என்றார் உன் அய்யா. சிரித்ததால் அடி விழவில்லை. நம்பியிருந்தால் விழுந்திருக்கும்.

நான் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினால் கொல்வார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். வந்து சொல். அது எங்கள் ஆத்தாவின் கல் என்று சொல். அதை நான் தலையில் சுமந்துவந்தேன் என்று சொல். இரண்டையும் சொல். கரையோரம் எங்களுக்குத் திரும்ப வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

தவசி


மேட்டூர் அணை,
11-4-1937

தவசி,

உன் கடிதம் வந்து சில நாள் ஆயிற்று. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

ஆத்தாவுக்கு நடந்தது அக்கிரமம். செய்தவர்கள் யார் யார் என்று எனக்கு எழுது. எழுதி என்ன செய்வேன் என்று கேட்காதே.

நான் யோசிப்பது இதுதான். கல் பொய் என்று சொன்ன மறுவாரமே வேட்டுக்காரர்கள் வருவார்கள். மடுவில் இன்றைக்கு இருக்கிற மீனைக் கேள்விப்பட்டவன் எவனும் சும்மா இருக்கமாட்டான். ஒரே நாளில் எல்லாம் போய்விடும். உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அடுத்த வருஷத்து ஆற்றுக்கும் இல்லை. இதையும் நீ நினைத்துப் பார்க்கவேண்டும்.

நினைத்துப் பார்க்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். சரி. சித்திரைக் கடைசியில் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். சித்திரைப் பொங்கலுக்கு மடுக்கரையில் ஊர் கூடும் என்று அய்யா எழுதியிருந்தார். அங்கே வைத்துச் சொல்கிறேன்.

கர்ணன்


நொச்சிப்பட்டி,
16-5-1937

மகா-ள-ள-ஸ்ரீ சின்ன முதலாளி கர்ணன் அவர்கள் சமூகத்துக்குத் தவசி எழுதிக்கொள்வது.

தாங்கள் சுகமாக மேட்டூர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அன்று நடந்தது தங்களுக்குத் தெரிந்ததுதான். எதிர்மேட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

தாங்கள் பொங்கல் பானைகளுக்கு நடுவே போய் நின்று, "இது சாமி இல்ல. போன வருசம் நான் கொண்டாந்து நட்ட கல்லு" என்றீர்கள். நன்றாகக் கேட்டது. குலவைகூட நின்றுவிட்டது. எங்கள் தெரு சனம் எல்லாம் எழுந்து நின்றோம்.

ஒச்சாண்டிதான் முதலில் பேசினான். "நடச் சொன்னது யாரு தம்பி?"

"யாரும் சொல்லல. நானாத்தான் நட்டேன்."

"நானாத்தான்னு நீங்க நெனைக்கிறிக. இம்புட்டுப் பேரு இருக்க ஊர்ல ஒங்களுக்கு மட்டும் எதுக்குத் தோணுச்சு? தோண வச்சது யாரு?"

"மீன் சாகுதேன்னு நட்டேன்யா!"

"அதத்தான் அவரும் சொல்றாரு. எம் பிள்ளைக சாகுதுன்னு. அவரு சொன்னத நீங்க செஞ்சிருக்கிக."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "படிச்சவுகள்ல, அதான் கூச்சப்படுறாக" என்றது. மறுபடியும் குலவை கிளம்பிவிட்டது. தங்கள் அய்யா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பயலத் தேடில்ல வந்திருக்காரு" என்றார்.

அதற்குள் யாரோ கேட்டார்கள். "கல்லு எங்கன கெடச்சுச்சு தம்பி?"

ஒரு வருஷமாக நான் எதிர்பார்த்த கேள்வி. எங்கள் ஆத்தா என் கையைப் பிடித்தாள். தாங்கள் எங்களைப் பார்த்தீர்கள். பார்த்தீர்கள் என்பது நிச்சயம், நூறு பேருக்குப் பின்னால் நின்றாலும் எனக்குத் தெரியும். பிறகு தண்ணீரைப் பார்த்தீர்கள். "இங்கனதான், மணல்ல" என்றீர்கள்.

மாலை போட்டார்கள். தங்களுக்கு ரோஜாப்பூ மாலை, கல்லுக்கு அரளி.

தாங்கள் வருவதற்கு முன்னால் அது ஒச்சாண்டி சாமி. இப்போது தங்கள் வீட்டுச் சாமி. வேலி போட்டிருக்கிறார்கள், மடுவைச் சுற்றி இலந்தை முள். ஆத்தா அன்று வீட்டுக்கு வந்ததும், "அவன் மேல கோவப்படாதலே, பாவம், பயந்துட்டான்" என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இப்படிக்கு,
தவசி


மேட்டூர் அணை,
30-5-1937

தவசி,

உன் கடிதத்தின் முதல் வரியைத் தாண்டவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. இனி அப்படி எழுதாதே.

நீ கேட்டபடி நான் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலம் உங்கள் தெருவில் ஒரு கூரை மிஞ்சியிருக்காது. அந்தக் கல்லில் மீன் உரசியவள் சேரிக்காரி, சுமந்துவந்தவன் சேரிக்காரன், அதற்குத்தான் ஒரு வருஷமாகச் சந்தனம் பூசிக் கும்பிட்டோம் என்று தெரிந்தால் அவர்கள் கல்லை உடைக்கமாட்டார்கள். உங்களை உடைப்பார்கள். வாயைத் திறந்தபோது என் கண்ணில் நெருப்புத்தான் தெரிந்தது. மணலில் கிடைத்தது என்று வந்துவிட்டது.

மாலையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அய்யா அழுதுகொண்டிருந்தார். அவர் என்னை நினைத்துப் பெருமைப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

இனி மடுவைப் பற்றி. சுரங்கத்தில் தண்ணீர் திறக்கும் முன், லீவு முடிகிற நாளில், முள்வேலியைத் தாண்டிப்போய்ப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மடு இவ்வளவு மீனைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. இதுவரை உங்கள் பெண்களின் ஊத்தா ஒவ்வொரு கோடையிலும் அதைச் சரிக்கட்டி வந்தது. இப்போது பிடிக்க ஆளில்லை, போடுகிற பொரியோ அடியில் போய் அழுகுகிறது. பானையில் குஞ்சுகளைக் கொண்டுவரும்போது நான் கையால் அலம்புகிறேனே, எதற்கு? நெருக்கடியில் தண்ணீருக்குள் இருக்கிற காற்று தீர்ந்துவிடும். பெரியமடுவை அலம்பக் கை கிடையாது. இந்த வருஷம் தப்பியது, தண்ணீர் சீக்கிரம் திறந்ததால். அடுத்த கோடைக்கு முன்னால் பாதி மீனைப் பிடித்தே ஆகவேண்டும். அந்த வேலையைச் சேரிக்குக் கொடுங்கள், பிடித்த மீனும் அவர்களுக்கே என்று அய்யாவுக்கு எழுதியிருக்கிறேன். இப்படியாவது கரை உங்களுக்குத் திரும்பும்.

கர்ணன்


நொச்சிப்பட்டி,
13-6-1937

கர்ணன் அவர்களுக்கு,

கார்டில்தான் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

கொளுத்தியிருப்பார்கள் என்பது உண்மை. எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டோம். எங்கள் கூரை எரியலாமா கூடாதா என்பதை எங்களைக் கேட்காமல் முடிவு செய்ய உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மீன் பிடிக்கும் யோசனைக்கு உங்கள் அய்யா பதில் எழுதியிருப்பார். இங்கே அவர் சொன்னதை நான் உங்கள் கிட்டங்கியில் கடலை மூட்டை தூக்கும்போதே கேட்டுவிட்டேன். "சாமியக் கொண்டாந்தவனே சாமி பிள்ளையத் திங்கச் சொல்லுறான்னா, சோதிக்கிறாரு" என்றார்.

இனி எழுதவேண்டாம்.

தவசி


மேட்டூர் அணை,
22-5-1938

தவசி,

எழுதவேண்டாம் என்றாய். ஒரு வருஷம் எழுதவில்லை. இப்போது வேறு வழியில்லை.

அய்யா கடிதம் வந்தது. மலையில் இன்னும் மழை இறங்கவில்லை, சுரங்கத்தில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியாது, மடு பாதிக்குக் கீழே போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி. "விடியற்காலம் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கின்றன, பார்க்க அற்புதமாக இருக்கிறது" என்று. அது சாகப்போகிற மீன்.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அய்யாவுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன், கடிதமும் போட்டிருக்கிறேன். பொரி போடுவதை நிறுத்துங்கள், பெரிய மீனையெல்லாம் உடனே வெளியே எடுங்கள் என்று. கேட்பார் என்று நம்பிக்கை இல்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். உங்கள் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு, விடிகிற நேரத்தில் வேலியைப் பிரித்து இறங்கு. கையாலேயே பிடிக்கலாம், அவ்வளவு சோர்ந்திருக்கும். எடுத்த மட்டும் உங்களுக்குச் சாப்பாடு. மீதி பிழைக்கும். யாராவது கேட்டால் நான் சொல்லிச் செய்தோம் என்று சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. எல்லாவற்றுக்கும் நான் ஜாமீன்.

உன்னிடம் கேட்பதற்கு எனக்கு முகமில்லை என்பது தெரியும். மீனுக்காகக் கேட்கிறேன்.

மடுவில் என்ன மிஞ்சியது என்றாவது எழுது.

கர்ணன்


நொச்சிப்பட்டி,
19-6-1938

கர்ணன்,

கடிதம் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. தெருவில் வாசித்துக் காட்டினேன். "சாமீனு எங்கன இருக்காரு?" என்று ஒருத்தர் கேட்டார். மேட்டூரில் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. நாங்கள் இறங்கவில்லை.

உன் அய்யாவுக்கும் உன் கடிதம் வந்தது. மடுக்கரையில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மீன் வாயைப் பிளப்பது ஆபத்து என்று நீ எழுதியிருந்தது அவருக்குப் புரிந்தது, ஆனால் வேறு மாதிரி. "பிள்ளைக பசியில வாயத் தெறக்குது, இது தெரியாமப் போச்சே" என்றார். சின்னமனூருக்கு வண்டி அனுப்பி மூட்டை மூட்டையாகப் பொரி வரவழைத்தார்கள். ஊரே வந்து போட்டது. தண்ணீர் தெரியவில்லை, பொரிதான் தெரிந்தது. அன்று ராத்திரி ஒரு பொட்டுக் காற்று இல்லை. காலையில் மடு வெள்ளையாக இருந்தது. இன்னும் பொரி கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

வேட்டுக்காரர்கள் இருபது வருஷம் போட்டிருந்தாலும் இவ்வளவு செத்திருக்காது. கெண்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மத்தியானத்துக்குள் வயிறு உப்பி வெடிக்க ஆரம்பித்தது. வில்வண்டிகள் பாதி வழியில் திரும்பிவிட்டன. ஊரார் எதிர்மேட்டில், நாங்கள் எப்போதும் நிற்கிற இடத்தில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் எங்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட ஒச்சாண்டியே தெருவுக்குள் வந்தான். சாமி பிள்ளைகளை அள்ளிக் குழிவெட்டிப் புதைக்கவேண்டும், முள்வேலியைப் பிரித்துக்கொள்ளலாம், சுவரைத் தாண்டலாம், தீட்டு இல்லை என்றான். நான் போகக்கூடாது என்று இருந்தேன். ஆத்தா சீலையை வரிந்துகட்டிக்கொண்டு, "வாலே, தண்ணியப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று முன்னால் நடந்தாள்.

நாள் முழுக்க அள்ளினோம். பிள்ளைகள்கூட அள்ளின. பசியோடு இருக்கிற சனம், முழங்கை நீள மீனை, தின்ன முடியாமல் கூடை கூடையாகச் சுமந்து குழியில் போட்டது. குழிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க ஒரு ஆளை மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவன் தூரத்திலிருந்தே தெளித்தான். எங்கள் மேல்தான் விழுந்தது.

சாயங்காலம் போல, மற்றவர்கள் குழிப் பக்கம் போயிருந்தபோது, ஒரு மரத்து வேருக்கு அடியில் சேற்றுப் பொந்துக்குள் ஆத்தா கையை விட்டாள். விரால். உயிரோடு. தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன், அதனால் பிழைத்திருக்கிறது. உள்ளே இன்னும் கிடந்தது. ஒன்றை மட்டும் இழுத்துத் தலையில் அடித்து எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குள் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். விரால் வழுக்கும், சாம்பல் தொட்டால்தான் கைக்கு நிற்கும். தட்டில் திருநீறு இருந்தது. ஒரு கை அள்ளினாள். மீன்மேல் பூசினாள். கல்லின் பள்ளத்தில் அப்பியிருந்த சந்தனத்தைப் பெருவிரலால் வழித்து எறிந்தாள். பிறகு உரசினாள். வாலிலிருந்து தலைக்கு, திருப்பி மறுபக்கம், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து உரசுகிற மாதிரியே. கல் நின்றவாக்கில் இருந்ததால் கொஞ்சம் சிரமப்பட்டாள். "படுக்க வச்சிருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

எதிர்மேட்டில் எல்லோரும் பார்த்தார்கள். உன் அய்யா பார்த்தார். ஒச்சாண்டி பார்த்தான். நான் அடியை எதிர்பார்த்து நின்றேன். ஒருவரும் மேட்டைவிட்டு இறங்கி வரவில்லை. மடுவில் இன்னும் பாதி மீன் கிடந்தது. அவளை அடித்தால் அதை அள்ள யார் இருக்கிறார்கள்?

மறுநாள் குடம் குடமாகப் பால் ஊற்றிக் கல்லைக் கழுவினார்கள். வேலியை மறுபடியும் கட்டிவிட்டார்கள். பிரதிஷ்டை செய்த பிள்ளை நேரில் வந்தால் நல்லது என்று உனக்கு எழுதப்போகிறார்கள். வரும்போது உனக்கும் ஒரு மாலை இருக்கும்.

மடுவில் என்ன மிஞ்சியது என்று கேட்டிருந்தாய். பொந்துக்குள் இருந்த மற்ற விரால்களை ஆத்தா தொடவில்லை. பொந்தின் வாயில் சேற்றை அப்பி மூடிவிட்டு வந்தாள். "புதுத்தண்ணி வரட்டும், குஞ்சு பொரிக்கட்டும், ஆடிக்கு மேல பாத்துக்கிருவோம்" என்கிறாள். அந்த இடம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். எந்தக் கரை, எந்த மரம் என்று உனக்கு எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு கல் கொண்டுவருவாய்.

தவசி